பத்து மீட்டருக்குப் பதினைந்து சுற்று

பட்டறைக்காரர் தம் தங்கை கணவருடைய பழைய டீசல் காருக்கு வேறு இஞ்சின் பொருத்தினார். பொருத்திய நாள்முதல் அந்தக் காரின் வேகமானி உள்ளதைவிட மிகுத்தே காட்டலாயிற்று.

குற்றம் இஞ்சினுடையதன்று, அதனோடு சேர்ந்து வந்த கியர்பாக்சினுடையது. இருபத்தாறு ஆண்டுகள் ஓடிய காரின் சொந்த இஞ்சின் புகையைக் கக்கி ஓய்ந்தபின், மோதி நசுங்கிய ஒரு வேனிலிருந்து இரண்டையும் ஒன்றாகவே இறக்கிக்கொண்டு வந்திருந்தார். இஞ்சின் நல்ல இஞ்சின். பழையதைப்போலத் தகரத்தில் கல்லைக் கொட்டினாற்போல் இரையாமல் அடக்கமாக ஓடிற்று. ஆனால் வேனின் கியர்பாக்சுக்குப் பின்புறத்தில், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சிறு பல்சக்கரம் இருந்தது. அது சுழன்றால் கேபிள் சுழலும். கேபிள் சுழன்றால் மீட்டரின் முள் நகரும். வேனுக்கென்று வெட்டிய அந்தச் சக்கரம் காரின் மீட்டருக்கு ஒத்துவரவில்லை.

எவ்வளவு ஒத்துவரவில்லை என்பதை அவர் அளந்தே பார்த்தார். மீட்டரின் முகப்பில், கூர்ந்து நோக்கினாலன்றித் தெரியாத அளவில், ஆயிரம் என்ற எண் அச்சிடப்பட்டிருந்தது. கிலோமீட்டருக்கு ஆயிரம் சுற்று. அதாவது பத்து மீட்டருக்குப் பத்துச் சுற்று. பட்டறையின் சிமெண்டுத் தரையில் டேப்பை நீட்டி, பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் கிழித்தார். மீட்டரிலிருந்து கேபிளின் நுனியை உருவி, அதில் ஒரு காகிதத் துண்டைக் கொடிபோல ஒட்டினார். மாப்பிள்ளை வெளியே நின்று காரைத் தள்ள, இவர் உள்ளே குனிந்தமர்ந்து கொடி சுற்றுவதை எண்ணினார்.

"எத்தனை மச்சான்?"

"பதினஞ்சு."

"பத்துதானே வரணும்?"

"வரணும்தான். இனிமே நீங்க நாப்பதுல போனா இது அறுபதுன்னு சொல்லும்."

மாப்பிள்ளை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாடகைக் கார் ஓட்டுபவர் அவர். மெதுவாகவே ஓட்டுவார் என்பதனால் மற்ற ஓட்டுநர்கள் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நல்லதாப் போச்சு. ஸ்டாண்டுல இனிமே அறுபதுல போற ஆமைன்னு சொல்லட்டும்."

"கிண்டல் பண்ணாதீங்க மாப்ள. சக்கரம் செஞ்சு மாத்தித் தரேன். அதுவரைக்கும் மூணுல ஒண்ணைக் கழிச்சுக்குங்க."

பட்டறைக்காரர் தீப்பெட்டி அகலமுள்ள ஓர் அட்டையை வெட்டி, அறுபதுக்கு நேரே நாற்பது, தொண்ணூறுக்கு நேரே அறுபது, நூற்றிருபதுக்கு நேரே எண்பது என்று எண்களை மட்டும் எழுதி, மீட்டருக்குக் கீழே ஒட்டிவிட்டார்.

சக்கரம் எளிதில் கிடைக்கவில்லை. வேனின் சக்கரத்துக்குப் பதினான்கு பற்கள், வேண்டியவை இருபத்தொன்று. பற்கள் கூடினால் சக்கரம் பெரிதாகும். பெருத்த சக்கரம், அதை மூடியிருக்கும் பழைய உலோகக் கூட்டுக்குள் அடங்காது. ஆகவே கூட்டையும் புதிதாகக் கடையவேண்டியிருந்தது. லேத்துக்காரர் இன்று நாளை என்று இரண்டு மாதங்களை இழுத்துவிட்டார். அந்த இரண்டு மாதங்களில் மாப்பிள்ளைக்குக் கழித்தல் பழகிப்போயிற்று. தொடக்கத்தில் அட்டையைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பாராமலே கணக்கிட்டார். பிறகு கணக்கிடுவதும் நின்றுபோய், முள் அறுபதில் நின்றால் அவருடைய கண்ணுக்கு அது நாற்பதாகவே தெரிந்தது.

தங்கை மட்டும் அண்ணனை விடவில்லை. மனைவியை இழந்து தனியே இருந்த அவருக்கு நாள்தோறும் மதியச் சாப்பாடு கொண்டுவருபவள் அவள்தான்.

"ஊர் வண்டியெல்லாம் சரிபண்றே. என் வீட்டு வண்டிக்கு மட்டும் பொய் சொல்ற மீட்டர். நல்லா இருக்குண்ணா உன் நியாயம்."

"லேத்துக்காரரைப் போய்க் கேளு."

"நான் ஏன் கேட்கணும்? அவரா என் கூடப் பொறந்தவர்?"

ஒரு வியாழக்கிழமை காலையில் மாப்பிள்ளை பிரேக் கட்டைகளை மாற்றுவதற்காகக் காரை விட்டுச்சென்றார். அன்று நண்பகலில் லேத்துக்காரர் சக்கரத்தையும் கூட்டையும் ஒரு பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"எண்ணிக்கோ. இருபத்தொண்ணு. ஒண்ணு குறைஞ்சா என் பல்லை உடைச்சுத் தரேன்."

பிரேக் வேலையை முடித்ததும் பட்டறைக்காரர் காரின் அடியில் நுழைந்து சக்கரத்தை மாற்றினார். மறுபடியும் கேபிளின் நுனியில் கொடி. மறுபடியும் பத்து மீட்டர். இம்முறை காரைத் தள்ளியவர் லேத்துக்காரர். கொடி பத்து முறை சுற்றி நின்றது. மும்முறை தள்ளச்செய்து மும்முறையும் எண்ணினார். பிறகு தாமே காரை நேர்ச்சாலைக்கு ஓட்டிச்சென்று, முள்ளை அறுபதில் நிறுத்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து மறு கல்லுக்குச் சரியாக ஒரு நிமிடம். அவ்வளவு துல்லியமாக அமைந்த வேலை அவருக்கே அரிது.

பட்டறைக்குத் திரும்பியதும் அட்டையைக் கிழிப்பதற்காகக் கை நீட்டினார். நீட்டியவர் ஏனோ நிறுத்திக்கொண்டார். நாளைக்கு மாப்பிள்ளை வழக்கம்போல முள்ளை அறுபதுக்குக் கொண்டுபோவார். மரங்கள் விரைந்து பின்னே ஓடுவதைக் கண்டு திகைப்பார். ஐந்து நிமிடத்துக்குள் விளங்கிவிடும். உடனே போன் செய்து, இரண்டு மாதமாகச் செய்த கிண்டலையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கவேண்டும் என்று அவருக்குச் சிறுபிள்ளைத்தனமாக ஓர் ஆசை. அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

மாலையில் மாப்பிள்ளை வந்தார்.

"பிரேக் எப்படி மச்சான்?"

"கால் வெச்சா நிக்கும்."

"வேற ஏதாவது பாத்தீங்களா?"

"ஓட்டிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளையின் வீடு இரண்டு தெரு தள்ளியிருந்தது. இரண்டாம் கியருக்குமேல் போடுவதற்கு வழியில்லாத தெருக்கள் அவை.

மறுநாள் விடியலில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஆலைக்கு அப்பால் குடியிருந்த ஒரு நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச்செல்வதற்காக மாப்பிள்ளை தனியே புறப்பட்டார். பனிமூட்டத்தில் மரம் தெரியாது, கல் தெரியாது, ஓடுகிற வேகத்தை உணர்த்துவதற்கு வெளியே ஒன்றுமில்லை. அவர் முள்ளையே நம்பி, அதை அறுபதில் நிறுத்தி, நாற்பதில் போவதாக எண்ணிக்கொண்டு போனார். ஆலைத் திருப்பத்தில், இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு தொழிலாளி, காற்றுப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையோரமாக நடந்து வந்தார். பிரேக் பிடித்தது. புதுக் கட்டைகள் செவ்வையாகவே பிடித்தன. ஆனாலும் கார் நிற்பதற்குள் அந்த மனிதர் இறந்துபோனார்.

செய்தி பட்டறைக்கு வந்தபோது பட்டறைக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "நாப்பதுலதான் போனேன், நாப்பதுலதான் போனேன்னு சொல்லிக்கிட்டே இருக்காராம்" என்று வந்தவர் சொன்னார். பட்டறைக்காரர் குவளையைக் கீழே வைத்தார். என்ன நடந்தது என்பது அவருக்கு அக்கணமே தெரிந்துவிட்டது. அப்போதைக்கு வேறு யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். மோட்டார் வாகனங்களை நன்கு அறிந்தவர், அதிர்ந்து பேசாதவர். பட்டறையின் முக்காலியில் அமர்ந்து, கண்ணாடித் தாளில் வைத்த அட்டையை மேசைமேல் எடுத்து வைத்தார்.

"டயர்த் தடம் அறுபதுக்குக் குறையலை. நாப்பதுல வந்திருந்தா அந்த ஆளுக்கு நாலு மீட்டர் முன்னாலயே வண்டி நின்னிருக்கும். ஆனா உங்க மாப்பிள்ளை மீட்டர் கூடுதலாக் காட்டும்கிறார். இந்த அட்டையைக் காட்டுறார். நாங்க வண்டியை உருட்டிப் பாத்தோம். பத்து மீட்டருக்குப் பத்துச் சுத்து. முடியளவு பிசகில்லை."

பட்டறைக்காரர் அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சின் மாத்தினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"மீட்டரை எப்போ சரி பண்ணுனீங்க?"

கேள்வி மிகவும் எளிதாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மீட்டரைத் திருத்திவிட்டுச் சொல்லாமல் விட்ட குற்றத்துக்காகப் பட்டறையின் உரிமம் போகும். தாமும் கூண்டில் ஏறவேண்டும். சொல்லாவிட்டால், மாப்பிள்ளை அளவுமீறிய வேகத்தில் ஓட்டி ஆளைக் கொன்றவர் என்பதோடு, அதை மறைப்பதற்குப் பொய் அட்டை எழுதியவர் என்றும் ஆகிச் சிறைக்குப் போவார். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்ப்பதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நாக்கு முந்திக்கொண்டது.

"இஞ்சின் மாத்துனப்பவே பண்ணிட்டேங்க."

"இந்த அட்டை நீங்க எழுதினதுன்னு சொல்றார்."

"நான் எழுதலைங்க."

அதிகாரி அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அவ்வளவுதான். பாவம், ஆள் பாக்கச் சாதுவா இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே லேத்துக்காரர் வந்து, உள்ளே நுழையாமல் வாசற்கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன்கிட்ட வந்தாங்களா?"

"வந்தாங்க."

"சொல்லிட்டியா?"

பட்டறைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரை அதன் இடத்தில் மாட்டினார். பிறகு அடுத்ததை மாட்டினார்.

"சரி" என்றார் லேத்துக்காரர். "என்னைக் கேட்டா நான் மறைக்கமாட்டேன். கேட்கலைன்னா நானாப் போய்ச் சொல்லமாட்டேன். என் வாய் அவ்வளவுதான். மிச்சத்தை நீ பாத்துக்க."

அதிகாரி அவரைக் கேட்கவில்லை. அவரைக் கேட்கவேண்டும் என்று அதிகாரிக்குத் தோன்றக் காரணமும் இல்லை.

தங்கை மதியச் சாப்பாடு கொண்டுவருவதை நிறுத்தவில்லை. பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கார் நிற்குமிடத்தின் வெறுமையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். கோபம் அண்ணன்மேல் இல்லை, கணவன்மேல்தான்.

"பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். ஒரு பொய் சொன்னதில்லைண்ணா. இப்போ ஆளைக் கொன்னுட்டு, மீட்டர்மேல பழி போடுறார். நான் சொல்லிச் சொல்லி நீ சரிபண்ணிக் கொடுத்த மீட்டர்மேல. உன் எழுத்துன்னு வேற சொல்றாராம். எப்படிண்ணா மனசு வருது?"

"சாப்பிடுறேன், நீ போ."

"நீ ரெண்டு நாளா சாப்பிடவே இல்லை. பாத்திரம் அப்படியே வருது. அவருக்காக நீ ஏன் பட்டினி கிடக்கணும்?"

அவளிடம் சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்த நேரங்கள் உண்டு. திறந்த வாய்க்குள் சோற்றைப் போட்டுக்கொண்டார்.

இரண்டு வாரங்கள் சென்றன. மாப்பிள்ளை காவலில் இருந்தார். ஒருநாள் வழக்கறிஞர் பட்டறைக்குப் போன் செய்து, வியாழக்கிழமை வழக்கு வருகிறது, அதற்குமுன் உறவினர் ஒருவர் நேரில் பார்த்துப் பேசினால் நல்லது, ஆள் மிகவும் ஒடுங்கிப்போயிருக்கிறார் என்றார். தங்கை போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பட்டறைக்காரர் போனார்.

சந்திப்பு அறையில் நடுவே கம்பிவலை. அதன் இருபுறமும் தரையோடு இறுக்கப்பட்ட இரும்பு இருக்கைகள். மாப்பிள்ளை இளைத்திருந்தார், இளைத்ததனால் சட்டையின் கழுத்து அகன்று நின்றது. மச்சானைக் கண்டதும் அவர் முகத்தில் வந்தது மகிழ்ச்சியே. அதைத்தான் பட்டறைக்காரரால் தாங்கமுடியவில்லை.

"வந்தீங்களே மச்சான். அவ வரலையா?"

"வருவா."

"வரமாட்டா. பரவாயில்லை." மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இப்போ புரிஞ்சிடுச்சு மச்சான். நான் தூங்கிட்டேன்."

"என்ன?"

"தூங்கிட்டேன். கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குவாங்களாமே, வக்கீல் சொன்னார். முள்ளு அறுபதுலதான் நின்னுச்சு, அதை நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அறுபதுன்னா நாப்பது. ஆனா மீட்டர் சரியா இருக்குன்னு அவங்க உருட்டிக் காட்டிட்டாங்க. நீங்களும் மொதல்லயே சரிபண்ணிட்டேன்னு சொல்லிட்டீங்க. அட்டையும் நீங்க எழுதலைங்கிறீங்க. அப்போ நான் பாத்தது கனவுதானே? ரெண்டு மாசமும் கனவா மச்சான்? வர வியாழக்கிழமை தூங்கிட்டேன்னு ஒத்துக்கப்போறேன். ராத்திரியெல்லாம் அதையேதான் யோசிக்கிறேன். எந்த இடத்துல தூங்கினேன்னு மட்டும் தெரியலை."

அவர் கிண்டலாகவோ குத்தலாகவோ பேசவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். பட்டறைக்காரர் கம்பிவலையில் விரல்களைக் கோத்துக்கொண்டார்.

"தூங்கலை மாப்ள. முந்தின நாள்தான் சக்கரம் மாத்தினேன். பிரேக்குக்கு விட்டீங்களே, அன்னிக்கு. அட்டை நான் எழுதினதுதான்."

பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு தாய், மகனிடம் பல் தேய்க்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் தூங்கலை" என்றார் மாப்பிள்ளை.

"இல்லை."

"இஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏத்தமாத்தான் இருந்துச்சு மச்சான். அப்பவே தோணுச்சு. நீங்க ஏதாவது டியூன் பண்ணியிருப்பீங்கன்னு விட்டுட்டேன். உங்க கை பட்ட வண்டிதானேன்னு." கம்பிவலையருகே குனிந்தார். "ஏன் சொல்லலை?"

"நீங்களே கண்டுபிடிச்சு போன் பண்ணுவீங்க, சிரிப்பீங்கன்னு நெனைச்சேன்."

"சரி. அது அன்னிக்கு. அந்த ஆபீசர் வந்து கேட்டப்போ?"

பயம் என்று ஒரு சொல் இருந்தது. அது அந்த அறையில் சொல்லத்தக்கதாக இல்லை.

"உங்ககிட்ட போகச்சொன்னதே நான்தான்" என்றார் மாப்பிள்ளை. "என் மச்சானைக் கேளுங்க, அவருக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு சொன்னேன்."

பார்வை நேரம் முடிவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மாப்பிள்ளை எழுந்து, காவலரிடம் உள்ளே போகலாம் என்று கையைக் காட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டறைக்காரர் அங்கிருந்து நேரே காவல் நிலையத்துக்கு நடந்தார். முற்றத்தில் காரும் அதன் பக்கத்தில் சைக்கிளும் கிடந்தன. மோதலில் சைக்கிளின் பின்சக்கரம் வளைந்திருந்தது. முன்சக்கரத்தின் டயர் காற்றின்றி வளையத்தோடு ஒட்டிக்கிடந்தது. அவர் அதன் அருகே சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்.

அதிகாரி முழுவதையும் கேட்டார். ஏசவில்லை. லேத்துக்காரர் எங்கே குடியிருக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

"நீங்க இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அவர் ஜாமீன்ல வெளியே இருந்திருப்பார்" என்றார். "இப்பவும் வழக்கு போயிடாது. ஒரு ஆள் செத்திருக்கார். ஆனா அவர் வேணும்னு ஓட்டலை, பொய் சொல்லலைன்னு ஆகும். உங்கமேல தனியா எழுதணும். எழுத்தர்கிட்ட உக்காருங்க."

எழுத்தர் கண்ணாடி அணிந்த முதியவர். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பற்களின் எண்ணிக்கை, சுற்றின் எண்ணிக்கை, நாள், வேளை எல்லாம் தங்குதடையின்றி இறங்கின. ஓரிடத்தில் பேனா நின்றது.

"மேற்படி மாற்றத்தை ஓட்டுநருக்குத் தெரிவிக்காமைக்குக் காரணம். என்ன போடட்டும்? மறந்துட்டேன்னு போடலாமா?"

"மறக்கலைங்க."

"அப்புறம்?"

"வேடிக்கைக்கு."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. மறதின்னா ஒருமாதிரி. இது வேறமாதிரி ஆகிடும்."

"வேடிக்கைக்குத்தாங்க. அப்படியே எழுதுங்க."

எழுத்தர் எழுதினார். பட்டறைக்காரர் கையொப்பமிட்டு, சொல்லப்பட்டபடி தடுப்பு மேசைக்கு உட்புறமிருந்த பெஞ்சில் அமர்ந்தார். சிறிது நேரத்தில், சலவை செய்த துணிகள் அடங்கிய ஒரு பையோடு தங்கை வாயிலில் நுழைந்தாள். கணவனைப் பார்க்கமாட்டேன் என்றவள், மாற்றுத் துணிகளை மட்டும் இங்கே கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள் போலும். அது அவருக்குத் தெரியாது.

"அண்ணா, நீ ஏன் அந்தப் பக்கம் உக்காந்திருக்கே?"

அவர் சொன்னார். எழுந்து நின்றுகொண்டு, மேசைக்கு இப்பாலிருந்தே, எழுத்தருக்குச் சொன்ன அதே வரிசையில் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அழவில்லை.

"விபத்து நடந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல அவரை அடிச்சேன்ணா" என்றாள். "அறுபதுன்னு போலீஸ் சொல்லிக்கிட்டிருக்க, நாப்பதுலதான் போனேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். பொய் சொல்லாதீங்கன்னு, எல்லாரும் பாக்க, கன்னத்துல அடிச்சேன்."

அவர் மேசையின் விளிம்பைப் பற்றினார். அவள் ஓரடி பின்னால் நகர்ந்து, பையை எழுத்தரின் பக்கம் தள்ளினாள்.

"ஐயா, அவரைப் பாக்கறதுக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"பத்து மணிக்கு வாங்கம்மா. மனு ஒண்ணு எழுதிக்கொண்டு வாங்க."

அவள் நேரத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வெளியே போனாள். முற்றத்தில் கார் கிடந்த பக்கத்தைத் தவிர்த்து, மதிலோரமாகச் சுற்றிக்கொண்டு போவது ஜன்னல் வழியே தெரிந்தது.

எழுத்தர் வேறொரு படிவத்தை எடுத்து, மேலே நாளைக் குறித்தார்.

"உங்களை இங்கே வெச்சிருக்கோம்னு வீட்டுக்குத் தகவல் கொடுக்கணும். யாருக்குச் சொல்லணும்?"

"சொல்லவேண்டியவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுங்க" என்றார் பட்டறைக்காரர்.

"பேர் ஒண்ணு போட்டாகணுமே" என்று எழுத்தர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.